ஃப்ரிட்ஜில் வைத்த பென்டிரைவ்

நகர யுனிக்ஸ் அன்பர் மன்றத்தின் தலைவருக்கு இந்த உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையின் மூலையில் கண் சிமிட்டிக்கொண்டு நிற்குமே ஒரு சின்ன வெள்ளைக் கோடு, அதுதான்.

மேடையில் அதைப் பற்றி அவர் பேசினால் கூட்டம் சொக்கிப்போகும். "மவுஸைப் பிடித்துச் சொடுக்குகிறவன் வாடகைக்குக் குடியிருப்பவன். கட்டளை எழுதுகிறவன்தான் வீட்டுக்காரன்!" என்று விரலை உயர்த்துவார். கைதட்டல் அடங்க நேரமாகும். ஆனால் தனியாக உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்த்தால் வீட்டுக்காரருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அது எதற்கோ காத்திருக்கிறது. எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

மன்றத்தில் யுனிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் சிஸ்டத்தை ஏற்றுவது, பழுது பார்ப்பது, தலைவரின் உரையை எழுதுவது எல்லாம் செயலாளரின் வேலை. தலைவர் தொடங்கி வைப்பார், செயலாளர் திட்டிக்கொண்டே முடித்து வைப்பார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆண்டுவிழாப் புகைப்படத்தில் தலைவர் முழுதாகவும் செயலாளர் ஒரு காதும் அரைக் கன்னமுமாகவும் விழுந்ததில் மனஸ்தாபம். செயலாளர் வெளியேறி 'அசல் யுனிக்ஸ் அன்பர் மன்றம்' என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார். இரண்டு மன்றங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தப் பிரிவுக்குப் பிறகு தலைவர் ஒரு கம்ப்யூட்டரையும் தொடவில்லை. தொடாமலே புகழ் வளர்ந்துகொண்டிருந்தது.

ஒரு மதியம், தான் வேலை பார்க்கும் இன்ஷூரன்ஸ் ஆபீசில் தலைவர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது.

"டேய், கம்ப்யூட்டர் போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா?"

"போயிடுச்சுன்னா போயிடுச்சு. பின்னாடி ஒரு கோடு புகை வந்துச்சு. அவ்ளோதான். தட்டிப் பாத்தாச்சு, உயிர் இல்ல."

அக்கா ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறவர். அங்கே ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுண்டர் ஒன்று உண்டு. அது எண்ணியதை ஒரு தடித்த வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராம் அதை ரிப்போர்ட்டாக அச்சடிக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் யுனிக்ஸ் வகை சிஸ்டத்தை வைக்கச் சொன்னவர் தலைவர். "அக்கா, இது சாகாத சிஸ்டம்" என்று சொல்லித்தான் வைத்தார். சிஸ்டம் சாகவில்லை என்பது உண்மை. அது குடியிருந்த பெட்டிதான் செத்துப்போனது.

"நாளைக்குக் காலையில ஆய்வுக்குழு வருதுடா. மெஷின்லேருந்து நேரா ரிப்போர்ட் வரலன்னா லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டாங்க. கையால எழுதினா செல்லாது. லேபை மூடிட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான்."

"புதுசா ஒண்ணு..."

"புது கம்ப்யூட்டர்ல நம்ம வயரைச் சொருகுற ஓட்டையே இல்லையாம். பழசுலதான் இருக்காம். பழைய கம்ப்யூட்டர் கடைக்குப் போவோம். நீ பாத்து எடுத்துக் குடு. நீ பாத்தா நான் ஏன் பயப்படணும்?"

அக்கா பயப்படவில்லை. தன் பங்கையும் சேர்த்துத் தம்பியிடம் கொடுத்துவிட்டு போனை வைத்தார்.

லேபின் வரவேற்பறையில், டாக்டர் பெயருக்கு அடுத்தபடியாக, 'தொழில்நுட்ப ஆலோசகர்' என்று தலைவரின் பெயர் பித்தளைப் பலகையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வழக்கமாக உள்ளே நுழையும்போது அதை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்வார். அன்று பார்க்கவில்லை.

அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்து, ரீஏஜென்ட் என்ற பரிசோதனை ரசாயனங்களின் பாட்டில்களுக்குப் பின்னாலிருந்து ஒரு ஜிப் கவரை எடுத்தார். உள்ளே பஞ்சில் சுற்றிய பென்டிரைவ்.

"பென்டிரைவை ஃப்ரிட்ஜ்லயா வைப்பாங்க?"

"முக்கியமானதை வேற எங்கடா வைப்பாங்க?" என்றார் அக்கா, லேப்காரர்களுக்கே உரிய நிச்சயத்தோடு. "உன் செயலாளர் சண்டை போட்டுட்டுப் போறதுக்கு முன்னாடி குடுத்துட்டுப் போனது. இதுல சிஸ்டமும் இருக்கு, நம்ம புரோகிராமும் இருக்கு. கம்ப்யூட்டர் போச்சுன்னா, வாங்கப்போற பெட்டியில இதைச் சொருகி, இதுலேருந்தே கிளப்பிப் பாருங்க. புரோகிராம் திறந்தா வாங்குங்க, இல்லன்னா எவன் என்ன சொன்னாலும் வாங்காதீங்கன்னார்."

எவன் என்ன சொன்னாலும். அந்த 'எவன்' யார் என்று தலைவருக்குச் சந்தேகமே இல்லை. கடையில், நாலு பேர் முன்னால், சொருகி, கிளப்பி... கறுப்புத் திரை...

"அதெல்லாம் எதுக்குக்கா? கம்ப்யூட்டருக்கு மூளை பிராசசர்தான், அது என்னன்னு பாத்தாலே சொல்லிடுவேனே."

"சரி, இருக்கட்டும். உடனே சொருகவும் முடியாது." பென்டிரைவை அக்கா உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். "ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த எதையும் ரூம் டெம்பரேச்சர் வராம உபயோகிக்கக் கூடாது. போறதுக்குள்ள வந்துடும்."

வழியெல்லாம் தலைவர் அக்காவின் மூடிய கையையே பார்த்துக்கொண்டு வந்தார். குளிரில் அது செத்துப்போயிருக்கலாம். சொருகினால் ஒன்றும் வராமல் போகலாம். ஒரு நல்ல மனிதர் ஒரு பென்டிரைவுக்கு இவ்வளவு மனதாரச் சாவு வேண்டியது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

பழைய கம்ப்யூட்டர் கடை ஒரு நீண்ட கூடம். இரண்டு பக்கமும் இரும்பு அலமாரிகள், தரையெல்லாம் வயர்கள், கல்லாவுக்குப் பக்கத்தில் எதன் மேலோ நின்று தலையாட்டும் ஒரு ஃபேன். கடைக்காரர் வெற்றிகரமான மனிதருக்குரிய தொப்பையோடு எழுந்து வந்தார். தலைவரைப் பார்த்ததும் அந்தத் தொப்பை சற்று உள்வாங்கியது.

"ஐயோ, யுனிக்ஸ் தலைவரா! போன வருஷம் உங்க பேச்சு கேட்டேன் சார். பிராசசரோட ஒவ்வொரு தலைமுறையையும் என்னமா புட்டுப் புட்டு வச்சீங்க!"

வைத்தவர் செயலாளர், வாசித்தவர்தான் தலைவர். ஆனாலும் முகத்தில் ஒரு கம்பீரம் தானாக வந்து உட்கார்ந்தது. பயத்துக்கும் கம்பீரத்துக்கும் அவரிடம் ஒரே முகம்தான். இரண்டுக்கும் பேச்சு வராது.

"நல்லதா ஒண்ணு காட்டுங்க," என்றார் அக்கா, பையிலிருந்து செல் கவுண்டர் வயரை எடுத்துக் காட்டி. "இந்த வயர் சொருகுற ஓட்டை இருக்கணும். மத்ததெல்லாம் தம்பி பாத்துக்குவான்."

கடைக்காரர் நிறைய யோசித்து, கைக்கடக்கமான ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். பளபளவென்று இருந்தது. நெற்றியில் வெள்ளி நிறத்தில் ஒரு ஸ்டிக்கர், அதில் பிராசசரின் பெயரும் தலைமுறையும். தலைவர் குனிந்தார். ஸ்டிக்கரைப் பார்த்ததும் அவருக்கு மூச்சு வந்தது. படிக்கத் தெரிந்த ஒன்று!

"இந்தத் தலைமுறையா? பிரமாதம்," என்றார். "அக்கா, உங்க பழைய பெட்டியெல்லாம் இதுக்கு முன்னாடி கால்குலேட்டர் மாதிரி. யோசிக்கவே வேண்டாம், கட்டச் சொல்லுங்க."

"சொருகிப் பாத்துடலாமே. வெதுவெதுன்னு ஆயிடுச்சு," என்று அக்கா கையை விரித்தார்.

"ஸ்டிக்கர்லயே போட்டிருக்குக்கா..."

"ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடி நாங்க என்ன பண்ணுவோம் சொல்லு. பை மேல ஒட்டியிருக்கிற சீட்டைப் படிச்சிட்டு அப்படியே ஏத்திடுவோமா? நோயாளி ரத்தத்தோட ஒரு சொட்டு கலந்து பாப்போம். திரிஞ்சா கிடையாது. சீட்டு தப்பா இருந்தா ஆள் காலிடா."

தலைவருக்கு இன்னொரு சாக்கு தோன்றவில்லை. கடைக்காரரும் ஏனோ உற்சாகமில்லாமல்தான் மானிட்டரை இழுத்து மாட்டினார். பென்டிரைவைச் சொருகி, எந்தக் கீயையோ தட்டினார். திரை கறுத்தது. மேலே ஏதோ ஒரு வரி வந்து நின்றது. அதன் கீழே வெள்ளைக் கோடு சிமிட்டியது.

தலைவர் பார்த்தது கோட்டை மட்டும்தான். எண்ணெய்ச் சட்டியில் விழுந்த நீர்த்துளி மாதிரி மனம் சிதறியது. ஏதாவது தட்ட வேண்டுமா? தட்டினால் என்ன ஆகும்? அக்கா கேட்கப்போகிறார். இதோ கேட்கப்போகிறார். அவர் கீபோர்டுக்கு எட்டாதபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். புருவங்கள் நெரிந்தன. தாடை இறுகியது. பேசவில்லை, அசையவில்லை, இமைக்கவில்லை.

கடைக்காரர் திரையைப் பார்க்கவில்லை, தலைவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம் நீள நீள அவர் நெற்றியிலும் வேர்வை முளைத்தது. நிபுணர்கள் கோபத்தில் இப்படித்தான் நிற்பார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருப்பார் போலும்.

"சார்," என்றார் கடைசியில், உடைந்த குரலில். "நீங்க அப்படிப் பாக்காதீங்க சார். சொல்லிடறேன். சட்டை மட்டும்தான் சார் புதுசு. உள்ளே இருக்கிறது தாத்தா காலத்து பிராசசர். ஸ்டிக்கர் நான்தான் ஒட்டினேன். ரோல் ரோலா விக்கிறாங்க சார், எல்லாரும் ஒட்டறாங்க. உங்ககிட்ட போய் காட்டினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

தலைவர் மெதுவாக மூச்சை விட்டார். அது ஏமாற்றப்பட்ட பெரிய மனிதரின் பெருமூச்சாகக் கடையில் ஒலித்தது.

அக்கா கண்ணாடியைத் தூக்கித் திரையைப் படித்தார். "அதைத்தான் இங்கயும் போட்டிருக்கு. இந்த சிஸ்டத்துக்கு அறுபத்துநாலு பிட் பிராசசர் வேணும், இது அது இல்லைன்னு. நீ படிச்சியாடா?"

"முதல்லயே," என்றார் தலைவர். பொய் இவ்வளவு சுலபமாக வந்தது அவரையே பயமுறுத்தியது.

அடுத்த பெட்டிக்கு ஸ்டிக்கர் இல்லை. கடைக்காரர் சத்தியம் மட்டும் செய்தார். பென்டிரைவைச் சொருகியதும் வெள்ளை எழுத்துகள் அருவியாய் மேலிருந்து கொட்டின. அக்காவின் முகம் மலர்ந்தது. தலைவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார், ஒவ்வொரு வரியையும் தானே அனுப்பி வைத்ததைப் போல. கொட்டி ஓய்ந்து, லேபின் புரோகிராம் கிளம்பப் போகிற இடத்தில், 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள் வந்தன. கோடு சிமிட்டியது.

"சட்டவிரோதக் கட்டளையா?" அக்கா திடுக்கிட்டார். "நாளைக்கு ஆய்வு வச்சுக்கிட்டு இது என்னடா சட்டம் பேசுது?"

இந்த இரண்டு சொற்களையும் தலைவருக்குத் தெரியும். ஆண்டுவிழா உரையில் இருந்தன. பிராசசருக்குத் தெரியாத கட்டளையைப் புரோகிராம் கேட்டால் அது இப்படிச் சொல்லிவிட்டு நின்றுவிடும் என்று வாசித்தபோது முன்வரிசை சிரித்தது. அதற்கு அடுத்த வரி என்ன? நின்றுவிட்டால் என்ன செய்வது? அடுத்த வரியின் போது யாரோ மாலை, இல்லை, சால்வை கொண்டு வந்தார்கள். சால்வைதான் ஞாபகம் இருந்தது.

"சின்ன விஷயம்க்கா," என்றது அவர் வாய்.

"சரிபண்ணிடலாமா?"

"வீட்டுக்குக் கொண்டு போய் ரெண்டு கட்டளை குடுத்தா சரியாயிடும். பெட்டி நல்ல பெட்டி. எடுத்துக்கலாம்."

கடைக்காரர் மறுபேச்சு பேசாமல் கயிறு தேடப் போனார். அக்கா அந்தக் கணமே போனை எடுத்து லேப் டெக்னீஷியனை அழைத்தார்.

"கம்ப்யூட்டர் கிடைச்சிடுச்சும்மா. ஆமா, நல்லாப் பாத்தாச்சு. இல்ல இல்ல, வேற எங்கயும் கம்ப்யூட்டர் இரவல் கேக்க வேண்டாம், நீ கேட்டு வச்ச அந்தப் பக்கத்து ஊர் லேபுக்கு வேண்டாம்னு சொல்லிடு. தம்பி சொல்லிட்டான். அவன் சொன்னா சரியா இருக்கும்."

பெட்டியைச் சுற்றிக் கயிறு விழுந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இதுவரை பட்ட பயமெல்லாம் தன்னைப் பற்றியது என்று அப்போதுதான் தலைவருக்கு உறைத்தது. இது வேறு பயம். நாளைக் காலை அந்தக் குழு வந்து நிற்கும். செல் கவுண்டர் எண்ணும், வயர் அனுப்பும், இந்தப் பெட்டி அதே இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டு நிற்கும். குழுவில் ஒருவர் பித்தளைப் பலகையை நிமிர்ந்து பார்ப்பார். அக்கா அப்போதும் தம்பியைத்தான் திரும்பிப் பார்ப்பார், அவன் இப்போது ஏதாவது செய்வான் என்று. அந்த முகத்தை நினைத்ததும் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அக்கா, போனை வைக்காதீங்க. அந்த லேபுக்கு வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

"ஏன்டா? என்ன ஆச்சு, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு?"

"அந்த ரெண்டு வார்த்தைக்கு என்ன வைத்தியம்னு எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனாலும் தெரியாது." பெட்டியைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "எனக்கு... அந்தத் திரையைப் பாத்தாலே பயம்க்கா."

கடையில் ஃபேன் மட்டும் தலையாட்டியது. கடைக்காரர் கயிற்றைப் பிடித்தபடியே வாயைத் திறந்துகொண்டு நின்றார். சற்று முன் எதற்காக உண்மையைக் கக்கினோம் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

அக்கா போனில், "இரும்மா, அந்த லேபுக்கு இன்னும் ஒண்ணும் சொல்லாத. அப்புறம் கூப்பிடறேன்," என்று சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தார். திட்டுவார் என்று தலைவர் தோள்களைக் குறுக்கிக்கொண்டார்.

"செயலாளர் போனதுலேருந்து லேபுக்கு வந்தா நீ கம்ப்யூட்டர் பக்கமே உக்கார மாட்ட. ஏதாவது கேட்டா பாத்ரூம் போயிடுவ. எனக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனா வாங்கற விஷயத்துலயாவது தெரியும்னு நெனச்சேன்." அவர் குரலிலும் இப்போது நடுக்கம் இருந்தது. மதியம் தம்பியிடம் கொடுத்த பயத்தின் பங்கு அவரிடமே திரும்பி வந்துவிட்டது. "சரி, எழுந்திரு. ஊசியைப் பாத்துப் பயப்படறவங்க தினமும் வராங்க, ரத்தம் குடுத்துட்டுதான் போறாங்க. தெரியாதவன் என்ன பண்ணுவான்? கலந்து பாப்பான். ஏம்ப்பா, கடையில இருக்கிற எல்லாத்தையும் இறக்கு."

"எல்லாத்தையுமா மேடம்?"

"ஸ்டிக்கர் ஒட்டத் தெரியுதுல்ல? இறக்கு."

இறக்கினார். சொருகினார்கள், கிளப்பினார்கள், பார்த்தார்கள். ஒன்று விழித்துக்கொள்ளவே இல்லை. ஒன்று பாதி அருவியில் நின்றது. இன்னொன்று அதே சட்டம் பேசியது. ஒரு பெட்டியில் எல்லாம் சரி, வயர் சொருகும் ஓட்டை மட்டும் இல்லை. தெருவில் வெயில் இறங்கி, எதிர்க்கடை விளக்குகள் எரிய ஆரம்பித்தன. ஒவ்வொரு முறை திரை கறுக்கும்போதும் தலைவர் அக்காவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் இருட்டில் நடக்கும்போது பிடித்துக்கொள்வது போலத்தான். அவர் கவனிக்கவில்லை, அக்கா கவனித்தும் விடுவிக்கவில்லை.

அலமாரிகள் காலியாகிவிட்டன. பக்கத்து ஊர் லேபிலும் கிடைக்காது என்று டெக்னீஷியன் போன் செய்துவிட்டார்.

"அவ்ளோதான் மேடம்," என்றார் கடைக்காரர், கையை விரித்து.

அக்கா பென்டிரைவைத் திரும்ப ஜிப் கவரில் போட்டார். தலைவர் அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினார். எதிரே ஃபேன் தலையாட்டிக்கொண்டிருந்தது.

"அந்த ஃபேன் எது மேல நிக்குது?"

"அது விக்கிற சாமான் இல்ல சார். எடுத்துட்டா ஃபேன் வைக்க இடமில்ல."

"பின்னாடி ஓட்டை இருக்கா?"

கடைக்காரர் குனிந்து பார்த்தார். "இருக்கு..."

ஃபேனைத் தரையில் இறக்கிவைத்தார்கள். அடியிலிருந்து வெளிப்பட்டது ஒரு தடித்த சாம்பல் நிறப் பெட்டி. மேலே ஃபேன் காலின் வட்டத் தடம், முகத்தில் தூசி, ஸ்டிக்கர் ஒட்டக்கூட யாரும் லாயக்கென்று நினைக்காத நெற்றி. சொருகியது தலைவர். பென்டிரைவ் இரண்டு தடவை பக்கத்தில் போய் முட்டியது. திரை கறுத்தது. அருவி கொட்டியது. நின்றது. கோடு சிமிட்டியது, சிமிட்டியது, சிமிட்டிக்கொண்டே இருந்தது. அக்கா மூச்சு விடவில்லை.

பிறகு நீலமாக, லேபின் பெயரோடு, புரோகிராம் திறந்தது.

கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். "என் ஃபேனை நான் இனிமே எங்கே சார் வைப்பேன்?"

"ஸ்டிக்கர் ரோல் மேல வை," என்றார் அக்கா.

லேபில் டெக்னீஷியன், செயலாளர் சொல்லிக்கொடுத்திருந்தபடி, பென்டிரைவில் இருந்ததைப் பெட்டியில் ஏற்றிவிட்டு வயரைச் சொருகினார். பெட்டி ஓடுகிறது, புரோகிராமும் ஓடுகிறது. ஆனால் செல் கவுண்டரோடு பேசுமா என்பது ஒரு சாம்பிளை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அன்றைய சாம்பிள்கள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தன. அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கையை நீட்டு."

"எனக்கா? அக்கா, ஊசின்னா எனக்கு..."

"அதுவும் எனக்குத் தெரியும். நீட்டு."

யுனிக்ஸ் அன்பர் மன்றத்தின் தலைவர் கண்களை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். மூடிய கண்ணுக்குள் அந்தக் கோடு சிமிட்டியது. ஊசி இறங்கியது. டியூபைக் குலுக்கும் சத்தம், செல் கவுண்டர் உறிஞ்சும் சத்தம், பிறகு ஒரு நீண்ட, ரொம்ப நீண்ட அமைதி. அதற்குள் மூன்று பேர் வாழ்க்கையும் ஒருமுறை நின்று புறப்பட்டது. பிரிண்டர் கரகரத்தது.

டெக்னீஷியன் கைதட்டிவிட்டுச் சட்டென்று வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். அக்கா காகிதத்தை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். சுவரில் சாய்ந்துகொண்டு, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"எல்லாம் நார்மல்டா. உனக்கும், எனக்கும்."

தலைவர் பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு தயங்கினார். அடுத்த வாரம் மன்றக் கூட்டம். 'பழைய கணினி வாங்குவோர்க்குப் பிராசசர் பற்றிய அறிவுரைகள்' என்று தலைப்பு, பேச்சாளர் அவர்தான், அழைப்பிதழ் அச்சாகிவிட்டது.

"அக்கா, இன்னைக்குக் கடையில நடந்ததை வெளியில யார்கிட்டயும்..."

"இது லேப்டா," என்றார் அக்கா, பென்டிரைவைப் பஞ்சில் சுற்றி ரீஏஜென்ட்டுகளுக்குப் பின்னால் வைத்து ஃப்ரிட்ஜை மூடிக்கொண்டே. "ரிப்போர்ட்டை நாங்க ஊர்ல யாருக்கும் சொல்ல மாட்டோம். நோயாளி கையில மட்டும்தான் குடுப்போம்."

காகிதத்தை மடித்துத் தம்பியின் சட்டைப் பையில் வைத்தார்.